ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழகுவது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூரில் தமிழ் வழியில் படித்ததாகவும், ஆங்கிலக் கட்டுரைதான் இடறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கப்படும் இந்த ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டு பணிகள் உண்டு. இரண்டாவதான கட்டுரைக்குக் குறைந்தது 250 சொற்கள் வேண்டும். ஏறத்தாழ 40 நிமிடம் ஒதுக்கலாம். கடினச் சொற்களை மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். தாள் திருத்துபவர் ஆயத்த வாக்கியங்களை எளிதில் கண்டுகொள்வார்.

நாம் வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், முடிவைக் கடைசியில் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலக் கட்டுரையிலோ உங்கள் நிலைப்பாடு முன்னுரையிலேயே தெரிய வேண்டும். ஒரு பத்தியில் ஒரே கருத்து. அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, காரணத்தையும் உதாரணத்தையும் அடுத்து வையுங்கள். உதாரணத்துக்காக லண்டன் வரை போக வேண்டாம்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ் ஏறும் மாணவர்கள் போதும்.

don't, can't போல ஆங்கிலப் பேச்சில் வரும் சுருக்க வடிவங்களைத் தவிருங்கள். எழுதியதை மறுநாள் உரக்கப் படித்து, மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.