வாங்கெலிஸின் 'ரொசெட்டா': நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வாங்கெலிஸின் 'ரொசெட்டா' ஆல்பத்தை ஒருமுறையாவது முழுசாகக் கேளுங்கள் என்று போன வாரம் நண்பர்கள் எல்லோருக்கும் எழுதியிருந்தேன். கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். உருகிப்போனோம் என்கிறார்கள் ஒரு சாரார், தூங்கிப்போனோம் என்கிறார்கள் இன்னொரு சாரார். வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். பள்ளி நாட்களிலிருந்து இவர் இசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பாசம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: சார், இவர் யாருன்னே தெரியாம கேட்டேன். ரெண்டு வரியில சொல்லுங்க.

கிரேக்க இசையமைப்பாளர். வோலோஸ் நகரத்துக்குப் பக்கத்தில் அக்ரியா என்ற ஊரில் 1943ல் பிறந்தவர். 1981ல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் பின்னணி இசைக்காக ஆஸ்கர் வாங்கினார். கடற்கரையில் மெதுவாக ஓடுபவர்களைக் காட்டும்போதெல்லாம் டிவியில் ஒரு இசை போடுவார்களே, அது அவருடையதுதான். 2022 மே மாதம் பாரிஸில் காலமானார். 'ரொசெட்டா' 2016 செப்டம்பர் 23 அன்று வெளியானது. அப்போது அவருக்கு வயது 73.

கே: அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் நாலாவது டிராக்குக்குள்ள தூங்கிட்டேன். எதுவுமே நடக்கலையே!

கோபம் எதற்கு தம்பி? உங்கள் காதுக்கு அது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இந்த ஆல்பத்தில் நெடுநேரம் எதுவும் நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்று தெரிந்தால் வேறு மாதிரி கேட்பீர்கள்.

ரொசெட்டா என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய விண்கலம். 2004 மார்ச் 2 அன்று கிளம்பியது. சூரியுமோவ்-கெராசிமென்கோ என்ற வால்மீனைப் போய்ச் சேர்ந்தது 2014 ஆகஸ்ட் 6 அன்று. பத்து வருடப் பயணம். அதிலும் சூரியனிலிருந்து ரொம்ப தூரம் போனபோது மின்சாரம் போதாமல், 2011 ஜூனிலிருந்து 2014 ஜனவரி வரை 31 மாதம் கலத்தையே தூங்க வைத்துவிட்டார்கள். ஒரு சிக்னல் கிடையாது. குறித்த நாளில் தானாக விழித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் விழித்துக்கொண்டது.

அந்தக் காத்திருப்புக்குத்தான் இவர் இசை போட்டிருக்கிறார். தொடக்கத்தில் 'ஆரிஜின்ஸ்' வருகிறதே, அதன் சுரங்கள் நீண்டு நீண்டு போவதைக் கவனியுங்கள். அடுத்த சுரம் வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது! நம் கச்சேரியில் தாளம் தொடங்குமுன் பாடகர் ஆலாபனையில் ஒரே சுரத்தின் மேல் நின்று சுற்றிப் பார்ப்பாரே, அந்த நிதானம். ஆலாபனையின்போது எழுந்து காபி குடிக்கப் போகிறவர்களும் உண்டு, அதற்காகவே கச்சேரிக்கு வருகிறவர்களும் உண்டு. நான் இரண்டாம் ரகம். 'எக்ஸோ ஜெனிசிஸ்' வரும்போது கண் அசந்தால் அசரட்டும். விழித்ததும் ஒன்பதாவது டிராக்கிலிருந்து கேளுங்கள். வேகம் அங்கேதான் பிடிக்கிறது.

கே: நான் அவரோட எழுபதுகள் ரசிகன். அந்தச் சூடு, அந்த நடுக்கம் இதுல இல்ல. வயசானா எல்லாரும் இப்படி மெத்துனு ஆயிடுவாங்களா?

உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பாதி நீங்கள் சொல்வதுதான் சரி.

நீங்கள் தேடும் அந்த நடுக்கம் பெரும்பாலும் ஒரு கருவியிலிருந்து வந்தது: யமஹா சிஎஸ்-80. எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த சின்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஓசை எழுப்பும் கீபோர்டு. எடை 80 கிலோவுக்கு மேல். ஒரே நேரத்தில் எட்டு சுரம் வாசிக்கலாம். அதன் விசேஷம் கட்டைகளில்தான் இருக்கிறது. அழுத்திய பிறகும் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக விரலின் பாரத்தை உணரும். நாலு விரல் வைத்து ஒரு விரலை மட்டும் கூட அழுத்தினால் அந்த ஒரு சுரம் மட்டும் பிரகாசமாகும், அல்லது நடுங்கும். கட்டைகளுக்கு மேலே ஒரு நாடாவும் உண்டு. அதில் விரலை இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும் கைக்கு இது உடனே புரியும். சாதாரண கீபோர்டில் கட்டையை அமுக்கியதும் விரலின் வேலை முடிந்துவிடுகிறது. இதில் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அவர் இசையமைத்த 'பிளேடு ரன்னர்' படத்தில் அழுவது போல் வரும் அந்த எக்காள ஓசை இதிலிருந்து வந்ததுதான்.

லண்டனில் அவர் வைத்திருந்த நீமோ ஸ்டூடியோ 1975 முதல் 1987 வரை நடந்தது. அதை மூடிய பிறகு வேலை செய்யும் முறை மாறியது. தனக்கென்று ஒரு அமைப்பைச் செய்துகொண்டார்: சுற்றிலும் கீபோர்டுகள், காலடியில் வரிசையாகப் பெடல்கள். வயலினை ஒரு கால் உள்ளே கொண்டுவரும், கோரஸை இன்னொரு கால். முழு இசையையும் அந்த நேரத்திலேயே கோத்து வாசித்துவிடுவார். டிராக் மேல் டிராக்காக அடுக்கி ஒட்டும் வேலை குறைந்துபோனது. அந்த வழியில் வந்தது 'ரொசெட்டா'. ஓசை மெத்தென்று ஆனதற்கு வயதைவிட இந்தக் கருவி மாற்றம்தான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. போனது என்ன என்றால் ஒற்றைச் சுரத்தின் உயிர். கிடைத்தது, மொத்த வாத்தியக் குழுவும் ஒரே மனிதனின் மூச்சில் ஏறி இறங்குவது. நீங்கள் முதலாவதற்கு ஏங்குகிறீர்கள். நானும் சில இரவுகளில் ஏங்குவதுண்டு.

கே: வயலின் எல்லாம் நிஜமா? எனக்கு பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

நிஜ வயலின் இல்லை, சின்தசைசர்தான். இந்தக் குறையை நான் மறைக்க மாட்டேன். ஆல்பத்தின் பெரிய பலவீனம் இதுதான். இசை மேலேறும் இடங்களில் வயலின் கூட்டம் ஒரே கனத்தில் வருகிறது, வில் திரும்பும் சத்தம் இல்லை. அதன் மேல் எதிரொலியை வேறு தாராளமாக ஊற்றியிருக்கிறார். அதில் மெட்டின் ஓரங்கள் மழுங்கிப் போகின்றன. 'சன்லைட்' மாதிரி எளிய, அழகான மெட்டை இன்னும் வெறுமையாக, ஒரே ஒரு ஓசையில் விட்டிருந்தால் நெஞ்சில் தைத்திருக்கும்.

கே: அவருக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான், இசையை எழுத்தில் படிக்க அவருக்குத் தெரியாது. முறையாகக் கற்கவில்லை, அதை வெளிப்படையாகச் சொன்னவர்.

கே: 'ஆல்பிடோ 0.06' னு ஒரு டிராக். என்ன அர்த்தம் ஐயா?

விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கை ஒரு பொருள் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் ஆல்பிடோ. 0.06 என்றால் நூற்றில் ஆறு. படத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும் அந்த வால்மீன் உண்மையில் கரித்துண்டு போலக் கறுத்தது. பழைய ரசிகர்களுக்கு இந்தத் தலைப்பில் இன்னொரு சந்தோஷம் இருக்கிறது. 1976ல் அவர் பூமிக்காகச் செய்த ஆல்பத்தின் பெயர் 'ஆல்பிடோ 0.39'. (பூமியின் கணக்கு இப்போது 0.30 வாக்கில் என்கிறார்கள்.) நாற்பது வருடம் கழித்து அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரு இருட்டுக் கல்லின் பக்கத்தில் போய் நிற்கிறார். இந்தத் தலைப்பைப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கே: வால்மீன் பாடினதைப் பதிவு பண்ணாங்களாமே, அதுவும் இதுல இருக்கா?

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வால்மீனைச் சுற்றியுள்ள காந்தப்புலம் 40, 50 மில்லிஹெர்ட்ஸில், அதாவது இருபது இருபத்தைந்து வினாடிக்கு ஒரு முறை, அதிர்வதைக் கலத்தின் கருவி பிடித்தது. காதுக்கே எட்டாத அதை பத்தாயிரம் மடங்கு உயர்த்தி 2014ல் வெளியிட்டார்கள். வாங்கெலிஸ் கதை வேறு. விண்வெளி நிலையத்தில் இருந்த ஆந்த்ரே கைப்பர்ஸ் என்ற டச்சு விண்வெளி வீரர் அங்கிருந்து இவருடன் பேசினார். விண்வெளி நிறுவனத்தோடு இவருக்குத் தொடர்பு அப்படித்தான் ஏற்பட்டது. 2014 நவம்பரில் ஃபிலே என்ற குட்டிக் கலம் வால்மீனில் இறங்கும் நேரத்துக்கு மூன்று இசைத் துண்டுகள் தந்தார். அவைதான் ஆல்பத்துக்கு விதை.

கே: அம்மா தவறி மூணு மாசம் ஆகுது. 'எலெஜி'யை மட்டும் தினம் கேட்டுட்டு இருக்கேன். மத்ததெல்லாம் ஓடவே மாட்டேங்குது. இது சரியா அண்ணா?

சரி தவறு ஒன்றும் இல்லை சகோதரி. மற்ற டிராக்குகள் எங்கும் போய்விடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த டிராக்குக்கு முன்னால் வருவது 'பெரிஹீலியன்', சூரியனுக்கு மிக அருகே வரும் கணம். ஆல்பத்திலேயே வேகமும் வெப்பமும் மிகுந்த இடம் அது. அந்த வெப்பம் தணிந்த பிறகுதான் 'எலெஜி', அதாவது இரங்கல் பாட்டு, வருகிறது. என்றைக்காவது முடிகிறபோது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அவசரமில்லை.

கே: ஹெட்போனா, ஸ்பீக்கரா? ஷஃபிள்ல போடலாமா?

ஷஃபிள் வேண்டவே வேண்டாம். வருகை, இறக்கம், சூரியனை நெருங்குதல், முடிவு என்று வரிசைப்படி போகிறது. ஹெட்போனில் எதிரொலி இன்னும் அதிகமாகத் தெரிகிறது. இரவு எல்லோரும் படுத்த பிறகு ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். மின்விசிறிச் சத்தம் கூட இதைக் கெடுப்பதில்லை.

கே: கிராமி கிடைச்சுதா?

நியூ ஏஜ் (மனதை அமைதிப்படுத்தும் மெல்லிசை) பிரிவில் பரிந்துரைப் பட்டியலுக்கு வந்தது. விருது வேறு ஆல்பத்துக்குப் போனது.

கே: கடைசி டிராக் முடிஞ்ச மாதிரியே இல்ல. சும்மா இருட்டுக்குள்ள போய் நின்னுடுது. ஏன் அப்படி?

நிறையப் பேர் இதைக் கேட்டிருக்கிறீர்கள். 'ரிட்டர்ன் டு த வாய்டு', வெறுமைக்குத் திரும்புதல். ஆல்பம் வெளியானபோது ரொசெட்டா இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 30 அன்று, அதை வால்மீன் மேலேயே மெல்ல இறக்கினார்கள். மனிதர் நடக்கும் வேகத்தில். தரை தட்டியதும் டிரான்ஸ்மிட்டர் நின்றுவிடும்படி முன்பே ஏற்பாடு. நம் நேரப்படி மாலை 4 மணி 49 நிமிடத்துக்கு சிக்னல் மறைந்தது. ஆனால் கலம் இருந்த இடத்திலிருந்து பூமிக்கு சிக்னல் வந்து சேரவே 40 நிமிடம் ஆகும். அந்த டிராக்கை எப்போது போட்டாலும் அந்த 40 நிமிடம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அங்கே கலம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. இங்கே திரையில் அதன் சிக்னல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.