ஸ்னோஃப்ளேக் ஈல் இரை எடுக்கவில்லையா? பொந்தைக் கவனியுங்கள்

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஸ்னோஃப்ளேக் ஈல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. இரையைத் தொடவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நோயா?

பதில்: வாயசைப்பு நோயல்ல, மூச்சு. ஸ்னோஃப்ளேக் ஈல், பாம்பு போன்ற உடல்கொண்ட அஞ்சாலை மீன்களில் ஒன்று. அஞ்சாலை இனங்களுக்குச் செவுள் துவாரம் சிறியது. வாயால் நீரை இழுத்துத்தான் செவுளுக்குத் தள்ள வேண்டும். புதிதாக வந்த ஈல் இரண்டு மூன்று வாரம் இரை எடுக்காமல் இருப்பதும் வழக்கமே. ஆனால் ஒளிய இடமில்லாவிட்டால் பட்டினி நீளும்.

இந்த இனம் செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி பசிபிக்கின் மறுகரை வரை, ஆழமற்ற பவளத்திட்டுகளின் கல் இடுக்குகளில் வாழ்கிறது. தலையும் வாலும் சேர்ந்து மறையும் பொந்துதான் அதற்குப் பாதுகாப்பு. எனவே உடலைவிடச் சற்றே அகலமான பிவிசி குழாய்கள் இரண்டைக் கற்களுக்கடியில் வையுங்கள். கற்களை மணல்மேல் அல்ல, தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்துங்கள். ஈல் மணலைத் தோண்டினால் கல் சரிந்து அதையே நசுக்கிவிடும்.

அதற்குக் கண்பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. விளக்கணைத்த பிறகு, தோலுரித்த இறால் அல்லது கணவாய்த் துண்டை நீண்ட இடுக்கியில் பிடித்துப் பொந்து வாசலில் மெல்ல அசையுங்கள். கையால் ஊட்டவே வேண்டாம். விரலையும் இரையென்றே கவ்வும். தொடாத துண்டைச் சிறிது நேரத்தில் எடுத்துவிடுங்கள், அழுகினால் அம்மோனியா ஏறும். பழகியபின் வாரம் இரண்டு மூன்று முறை போதும். சில இறால், மீன் வகைகளில் உள்ள தயமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். இரையை மாற்றி மாற்றிக் கொடுங்கள், அவ்வப்போது வைட்டமின் கரைசலில் நனையுங்கள்.

இதன் பற்கள் மழுங்கியவை, நண்டின் ஓட்டை நொறுக்குவதற்கானவை. பெரிய மீன்களை அநேகமாக விட்டுவிடும். நண்டும் இறாலும் உடனிருந்தால் தப்பாது. சிறுமீன்களுக்கும் உத்தரவாதமில்லை.

நீர் 24–26 டிகிரி, ஒப்படர்த்தி (நீரின் உப்பளவைக் காட்டும் எண்) 1.023–1.025 இருக்கட்டும். பட்டினியைக் கண்டு பதறி, தாமிரம் கலந்த மருந்தை ஊற்றாதீர்கள். செதிலற்ற உடல் அதைத் தாங்காது. முக்கால் மீட்டர் வரை எளிதாக வளரும் என்பதால், பின்னர் 300 லிட்டருக்குக் குறையாத தொட்டிக்கு மாற்றுங்கள்.

என் பெரிய கவலை மூடிதான். இவை நீருக்கு வெளியிலும் இரையை விழுங்க வல்லவை என்று 2021-இல் வெளியான ஆய்வே காட்டியது. தொட்டியைவிட்டு ஏறுவது இவற்றுக்குப் பெரிய காரியமல்ல. தரையில் விழுந்து காய்ந்து சாவதே அடிக்கடி நேரும் முடிவு. குழாயும் மின்கம்பியும் நுழையும் இடைவெளிகளை இன்றே ஸ்பாஞ்சால் அடையுங்கள். மூடியின்மேல் எடை வையுங்கள். பம்ப்பின் உறிஞ்சுவாய்க்கும் வழிந்தோடும் பெட்டிக்கும் வலை கட்டுங்கள்.