மகள் பதிவே போடுவதில்லையா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் சமூக ஊடகம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: மகளின் இன்ஸ்டாகிராமில் மூன்றே படம். ஆனால் விடிய விடிய கையில் போன். என்னதான் செய்கிறாள் தம்பி?

பதில்: போடுகிறாள் அக்கா, உங்கள் கண்ணில் படுவதில்லை. 2016இல் ஸ்டோரி வந்தது. போட்டது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். 2018இல் நெருங்கிய நண்பர்கள் பட்டியல் வந்தது. அதில் சேர்த்தவர்களுக்கு மட்டும் பச்சை வளையத்தோடு தெரியும். அம்மா, பெரியம்மா யாரும் அதில் இருக்கமாட்டார்கள். நமக்கு முகநூல், தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம் மாதிரி. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஆஜர் கொடுத்தாக வேண்டும். தோட்டத்தை விட்டுப் பிரிந்தவர்களை அங்கேதானே மறுபடி பிடித்தோம்? உங்கள் மகளுக்கு யாரும் தொலையவில்லை. பஸ் நிலையத்தில் நின்றாலே நான்கு மாமாக்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லும் ஊர் இது. மறைவாகப் பேச ஓர் இடம்தான் அவளுக்கு வேண்டும். பிடுங்கிப் பார்க்காதீர்கள். போனுக்கு வரும் ஆறிலக்கச் சரிபார்ப்பு எண்ணை யாருக்கும் சொல்லாதே என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: டிக்டாக் எந்த வயதில்?

பதில்: டிக்டாக்கின் பொதுவான விதிப்படி 13. பதினாறுக்குக் கீழே கணக்கு தானாகவே பிரைவேட், தனிச்செய்தியும் கிடையாது. பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்தால் இதெல்லாம் வீண். பல வீடுகளில் அதைத் தட்டிக் கொடுப்பதே அப்பாதான்.

கேள்வி: குடும்பக் குழுவில் தினமும் ரோஜாப்பூ, காலை வணக்கம். போன் நிறைகிறது அண்ணா!

பதில்: தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடு. வேலை முடிந்தது.

இதற்கு ஓர் அத்தை குறுக்கிட்டார்: “ஒரு நாள் ரோஜா போடவில்லை, மருமகன் பதறிப் போய் அழைத்தான். அதற்காகத்தான் போடுகிறேன்.”

கேள்வி கேட்ட தம்பி விடவில்லை: “நலமா என்று நேராகவே கேட்கலாமே?”

அடுத்து ஒரு மாமா: “கேட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை!”

அதற்கும் தம்பி: “பார்த்துவிட்டேன் என்பதுதான் பதில் மாமா.”

என் தீர்ப்பு அத்தைக்கே. ரோஜா யாரையும் ஏமாற்றாது. ஏமாற்றுவது ‘இலவச ரிங்கிட்’ பார்வர்ட்தான். இரட்டை அம்பு இருந்தால் பலர் கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அப்படியும் சளைக்காமல் அனுப்புகிறீர்கள் மாமா.

கேள்வி: வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண் வந்திருக்கிறது, தோழி கேட்கிறாள், கொடுக்கலாமா?

பதில்: ஆறிலக்கம். கொடுக்காதீர்கள்.

கேள்வி: கொடுத்துவிட்டேன், பேங்க் பணமும் போய்விட்டது.

பதில்: இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே தேசிய மோசடி உதவி மையத்தை 997இல் அழையுங்கள்.