முழங்கால் வலிக்கு லேசர்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் வந்தது. பிசியோதெரபி கிளினிக்கில் 12 சிட்டிங் லேசர் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் ஆன்லைனில் விற்கும் சின்ன லேசர் மெஷினை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கிளினிக்கில் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் 12 சிட்டிங்குக்கும் முதல் நாளே பணம் கட்டிவிடாதீர்கள். வீட்டு மெஷின் வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இது வெட்டுகிற, சுடுகிற லேசர் இல்லை. குறைந்த சக்தியுள்ள சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி தோலைத் தாண்டிப் போகிறது, செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு நொதி அதை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் அழற்சியும் வலியும் தணிகின்றன என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தேய்ந்த குருத்தெலும்பு இதில் மறுபடி வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பலன் உண்டா என்றால், எல்லாம் டோஸைப் பொறுத்தது. முழங்கால் தேய்மானத்துக்கு லேசர் கொடுத்த 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சரியான டோஸ் கொடுத்த இடங்களில் வலி நன்றாகவே குறைந்திருக்கிறது, சிகிச்சை முடிந்து 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் அதிகம் குறைந்திருக்கிறது; டோஸ் தப்பிய இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு ஆதாரம் போதாது என்று சொல்லி 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கு லேசரைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. இரண்டையும் வைத்துப் பார்த்தால், டோஸ் தெரிந்து கொடுப்பவர் கிடைத்தால் முயற்சி செய்யலாம் என்பது என் கருத்து.

அந்த டோஸ் என்ன? ஒளியின் அலைநீளம் 785 முதல் 860 நானோமீட்டர் வரையிலான லேசர் என்றால் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் (ஒளி ஆற்றலின் அளவு), 904 நானோமீட்டர் என்றால் 1 முதல் 3 ஜூல். கணக்கு சுலபம்தான், வாட்டை விநாடியால் பெருக்கினால் ஜூல். 100 மில்லிவாட் (0.1 வாட்) லேசரை ஒரே புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். ஆன்லைனில் கிடைக்கும் 5 மில்லிவாட் பேனா மாதிரி லேசரில் அதே 4 ஜூல் வர 800 விநாடி, அதாவது ஒரு புள்ளிக்கே 13 நிமிடத்துக்கு மேல் ஆகும்! முழங்காலைச் சுற்றி அப்படிப் பல புள்ளிகள் வைக்க வேண்டும், யாரால் முடியும்?

அதனால் கிளினிக்கில் நேராகவே கேளுங்கள்: எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி? மெஷினைத் தினமும் கையாள்பவருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் லேசர் கொடுப்பவரின் கையைக் கவனியுங்கள். முழங்காலை மடக்கி வைத்து, மூட்டு இடுக்கை விரலால் தடவிக் கண்டுபிடித்து, புரோபை, அதாவது லேசர் வரும் முனையை, வெறும் தோலில் செங்குத்தாக அழுத்தி ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்த வேண்டும். சுடிதார் துணிக்கு மேலே, அல்லது தைலம் பூசிய காலில், இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்து அப்படியே ஆட்டிக்கொண்டு போனால் அடுத்த சிட்டிங்குக்குப் போகாதீர்கள். கொடுப்பவர், படுத்திருப்பவர் இருவருமே பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், இதில் சமரசமே கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் இன்னொன்று. 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட ஹை பவர் லேசர் சூடு கொடுக்கும், கருத்த தோல் அந்தச் சூட்டை இன்னும் கூடுதலாக இழுக்கும், காலில் மரத்துப்போன தன்மை இருந்தால் சுடுவதே அவருக்குத் தெரியாமல் போகலாம். மரப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்தில் லேசர் வைக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின் போல வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

லேசரோடு தொடைத் தசைக்கான பயிற்சியும் கட்டாயம் வேண்டும், வலி குறைகிற அந்தச் சில வாரங்கள்தான் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள நல்ல நேரம். பயிற்சியே சொல்லித்தராமல் லேசர் மட்டும் வைத்து அனுப்புகிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ லேசரெல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.