காரை வாங்கியாயிற்று, ரிப்பேருக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் வயது 19. ஈரோட்டில் பாலிடெக்னிக் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு படிக்கிறேன். மாலையிலும் வார விடுமுறையிலும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். மாதம் 6,000 ரூபாய் கிடைக்கிறது. என் சேமிப்பும் அப்பா கொடுத்ததும் சேர்ந்து 1,26,000 ரூபாய் இருந்தது. அதில் 95,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஆல்டோ வாங்கிவிட்டேன். 2012 மார்ச்சில் பதிவான வண்டி. விற்றவர் ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்; பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் மெக்கானிக் 60,000 ரூபாய் வேலை இருப்பதாக எழுதிக் கொடுத்தார்: டயர் நான்கு 13,000, பேட்டரி 4,000, பிரேக் 5,500, டைமிங் பெல்ட், ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிளக் 6,500, லோயர் ஆர்மும் ஸ்ட்ரட்டும் 9,000, ஏசி 8,000, டிங்கரிங் பெயின்டிங் 14,000. இவை போக அலாய் வீலும் மியூசிக் சிஸ்டமும் போட ஆசை, அது 18,000. தெரிந்தவர் மூலமாக ஒரு ஃபைனான்ஸில் 50,000 ரூபாய் தருகிறார்கள். மாதம் ஒன்றரை சதவீத வட்டி, 24 தவணை, தவணைக்கு 2,833 ரூபாய். வாங்கலாமா? அப்பா வண்டியை வந்த விலைக்கு விற்கச் சொல்கிறார். 16 வயதுத் தம்பி தானும் ஓட்டிப் பழக வேண்டும் என்கிறான்.

பதில்: கடன் வேண்டாம், தம்பி. வண்டியையும் இப்போது விற்க வேண்டாம். கையில் மிச்சம் இருக்கும் 31,000 ரூபாய்க்குள்ளேயே இந்தக் காரைப் பயமில்லாமல் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரலாம். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசைதான் இங்கே கேள்வி. மெக்கானிக் கொடுத்த சீட்டில் உயிரைக் காக்கும் வேலையும் அழகுக்கான வேலையும் ஒரே மதிப்போடு அடுத்தடுத்து நிற்கின்றன.

அந்த ஒன்றரை சதவீதத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். 50,000 ரூபாய்க்கு மாதம் 750 ரூபாய் வட்டி, 24 மாதத்துக்கு 18,000. அசலோடு கூட்டி 24-ஆல் வகுத்தால் 2,833 வரும். ஆண்டுக்கு 18 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருக்கும் கடன் மூவாயிரத்துக்கும் குறைவு. வட்டியோ அப்போதும் முழு 50,000-க்குப் போடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 31 சதவீதத்தைத் தாண்டுகிறது. முன்கூட்டியே ‘கட்டணம்’ என்று பிடித்துக்கொண்டால் இன்னும் ஏறும். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள், 2024 அக்டோபர் முதல், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் கடனின் முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால், யாரிடம் கடன் வாங்கப் பார்த்தோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. சம்பளம் 6,000. தவணை 2,833. மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டினாலே பெட்ரோலுக்கு 2,000 ரூபாய் ஆகும். மீதி 1,100 சொச்சத்தில் இன்சூரன்ஸ், ஆயில், பஞ்சர், உங்கள் சாப்பாட்டுச் செலவு. முதல் ரிப்பேர் வந்ததும் இன்னொரு கடன் தேட வேண்டியிருக்கும். அந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் படிப்பும் முடிந்துவிடும். வேலைக்காக ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போக நேர்ந்தால் கார் வீட்டு வாசலில் நிற்கும், தவணை மட்டும் உங்களோடு வரும்.

இனி வரிசை. முதல் செலவு ஸ்பேனர் தொடாத செலவு: பெயர் மாற்றம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம்தான், ஏனென்றால் இதில் அதிக ஆபத்து அவருக்கு. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கும் இழப்பு உண்டு. அவருடைய பாலிசியில், அடுத்தவருக்கு நேரும் பாதிப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். ஆனால் வண்டிக்கான சொந்தச் சேதப் பாதுகாப்பு, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றினால்தான் செல்லும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் பதிவுச் சான்றில் பெயர் உள்ளவருக்குத்தான். இன்று நீங்கள் ஓட்டிச் சென்று அடிபட்டால் அந்த 15 லட்சத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு ரூபாய் வராது.

ஆகவே இந்த வாரமே அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய அபராதம் நிலுவையில் இருக்கிறதா, வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வங்கியின் பெயர் இன்னும் இருந்தால் அதை நீக்குவதற்கான ஃபாரம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் விற்றவரிடமிருந்து வர வேண்டும். அவர் தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பாலிசி காலாவதியாகியிருந்தால், 2022 ஜூன் கட்டணப்படி 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2,094 ரூபாய், ஜிஎஸ்டியோடு 2,471. விபத்துக் காப்பீட்டுக்கு மேலும் சில நூறு. விற்றவரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’, அதாவது இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்கு வராது. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. இதற்கெல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வண்டியை நிறுத்துகிற பாகங்கள்: பிரேக் 5,500. இதில் பேரம் வேண்டாம். பேட், ஷூ, வீல் சிலிண்டர் மாற்றும்போது பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் மலைப்பாதையில் பெடல் கால் வைத்த இடத்திலிருந்து கீழே இறங்கும். நீங்கள் மெக்கானிக்கல் மாணவர், செய்யத் தெரிந்திருக்கும். ஆனாலும் மூத்த மெக்கானிக் ஒருவர் பார்க்கச் செய்யுங்கள். கூலி மிச்சம் பிடிக்க வேறு வேலைகள் இருக்கின்றன.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மையும் குலுங்கலைத் தாங்கும் ஸ்ட்ரட்டையும் மெக்கானிக் ஒரே தொகையாக எழுதியிருக்கிறார். பிரிக்கச் சொல்லுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் அது இன்றைய வேலை, ஏனென்றால் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்ட்ரட்டில் ஆயில் கசிந்து குலுங்குவது மட்டும்தான் குறை என்றால் சில மாதம் பொறுக்கலாம். லோயர் ஆர்முக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். இதை முடித்த பிறகே டயர். லோயர் ஆர்மில் தேய்ந்த ரப்பர் புஷ்ஷோடு புது டயர் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஓரம் தின்றுவிடும். 13,000 ரூபாய் ரோட்டில் தூளாகும்.

டயரில் நான்கையும் மாற்றத்தான் வேண்டுமா? பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1718 என்றால் 2018-ஆம் ஆண்டின் 17-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனது, பக்கவாட்டில் வெடிப்பு விட்டது, வயதானது ஆகியவற்றை உடனே மாற்றுங்கள். மற்றவை ஓடட்டும். இரண்டு போதும் என்றால் 6,500, அலைன்மென்ட்டுக்கு 500. புதிய ஜோடியைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்னால் போடச் சொல்வார்கள். ஆனால் மழையில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றால் புது ஓட்டுநரால் பிடிக்க முடியாது. பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் பேச்சே வேண்டாம்.

டைமிங் பெல்ட், ஆயில் தொகுப்பு 6,500. பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது அறுந்தால் என்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டி, சில ஆயிரத்தில் முடிய வேண்டியது பல ஆயிரமாகிவிடும். பெல்ட் மாற்றும்போதே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள். பானெட் திறந்திருக்கும் அதே நேரத்தில் பெட்ரோல் ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், உங்கள் வண்டியோ அதற்கு முந்தைய காலத்தில் வடிவமைத்தது. விறைத்துப்போன ரப்பரை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

பேட்டரியைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. ஓடும்போது ஏறவில்லை என்றால் குற்றம் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில். பேட்டரிக்குக் கொடுக்கும் 4,000 வீண்.

இதுவரை கூட்டினால் 25,000. பேட்டரியும் தேவைப்பட்டால் 29,000. முப்பத்தொன்றுக்குள் வந்துவிட்டோம்.

ஏசி காத்திருக்கட்டும். ஈரோட்டு மே மாதம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்பும் கடைக்குப் போனால் அடுத்த சித்திரைக்கும் அதே பில்தான். அலாய் வீலும் மியூசிக் சிஸ்டமும் எனக்குப் பேசவே தோன்றவில்லை. விற்கும்போது அந்தக் காசு திரும்பாது. ஒயரிங்கை வெட்டி ஒட்டியதால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும்.

டிங்கரிங் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். 2027 மார்ச்சில் வண்டிக்கு 15 ஆண்டு முடிகிறது. அப்போது தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவுச் சான்றை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். கட்டணமே 5,000 ரூபாய், பசுமை வரி தனி. சோதனைக்குப் போகும் வண்டியின் பாடி ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். இன்று 14,000 கொடுத்து அடித்த பெயின்ட் அதற்குள் வேறு எங்காவது உரசிவிடும். துரு பரவும் இடத்தை மட்டும் நீங்களே தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து வையுங்கள். முழு வேலையைப் புதுப்பித்தலுக்கு முன்னால் ஒரே முறை செய்யுங்கள். கண்ணாடி, கைப்பிடி, விளக்கு, சீட் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான பழைய பாகக் கடைகளில் வாங்கலாம். பிரேக், பெல்ட், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கக் கூடாது.

இனி மாதக் கணக்கு. கல்லூரிக்கு பஸ்ஸிலேயே போங்கள். பெட்ரோலுக்கு 2,000, காருக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் 2,000, உங்களுக்கு 2,000. சம்பளம் வந்த அன்றே அந்த இரண்டாயிரம் போய்விட வேண்டும். தபால் அலுவலக ஆர்.டி. இதற்குப் பொருந்தாது, அது ஐந்தாண்டுத் திட்டம். ஆண்டில் சேரும் 24,000-இல் இன்சூரன்ஸுக்கு 3,000, இரண்டு ஆயில் சர்வீஸுக்கு 6,000 போனால் 15,000 மிஞ்சும். முதலில் ஸ்ட்ரட், அடுத்து புதுப்பித்தல், பிறகு ஆசைப்பட்டால் ஏசி.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு எல்லையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: முதல் ஆண்டில், பெட்ரோலும் இன்சூரன்ஸும் போக, இந்தக் காருக்குள் போகும் பணம் வாங்கிய விலையில் பாதியை, அதாவது 47,500 ரூபாயைத் தாண்டினால் விற்றுவிடுவேன் என்று. பெல்ட் வேலைக்கு முன்பே உங்கள் ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். மூன்று சிலிண்டரில் ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால், என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால், அப்போது அப்பா சொன்னபடியே செய்யுங்கள். அதற்கு முன் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்க வேண்டாம். குறையைச் சொல்லி, பெயர் மாற்றத்தை முடித்துக் கொடுத்து விற்றால் போதும்.

தம்பி விஷயத்தில் விளையாடாதீர்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெயர் மாற்றம் முடிந்ததும் அந்த உரிமையாளர் நீங்கள்தான். பதினாறில் அவனுக்குக் கிடைக்கக்கூடியது 50 சிசிக்கு உட்பட்ட கியரில்லா வண்டிக்கான உரிமம் மட்டுமே. கார் ஓட்டும் வயது வரும்வரை ஜாக்கி போடவும் வீல் நட் கழற்றவும் கற்றுக்கொடுங்கள். துரு தேய்க்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.