வேர் இல்லாத பூனை முடியில் எஸ்டிஆர் வராதது ஏன்?

கிடைத்த முடி எந்தப் பூனையுடையது என்று அறிய, உட்கரு டிஎன்ஏவில் பூனைக்குப் பூனை மாறுபடும் எஸ்டிஆர் என்ற குறுந்தொடர் அடுக்குகளைப் பார்ப்பார்கள். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரின் சுழற்சியை 28-லிருந்து 34 ஆக்கியும் எஸ்டிஆர் வரவில்லை என்றால், மேலும் ஏற்றாதீர்கள். உதிர்ந்த முடித்தண்டில் உட்கரு டிஎன்ஏ சிதைந்திருக்கும். சுழற்சி கூடக் கூட மாசுதான் பெருகும். செல்லில் ஏராளமான நகல்கள் உள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுக்கு, அதிலும் அதிகம் மாறுபடும் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு, மாறுங்கள். 1994 கனடா கொலை வழக்கில் ஸ்னோபால் என்ற பூனையின் முடியில் எஸ்டிஆர் வந்ததே என்று ஒப்பிடாதீர்கள்; அங்கே முடிக்கு வேர் இருந்தது.

அதனால் முதலில் மீதி முடிகளை நுண்ணோக்கியில் பாருங்கள். முனையில் திசு ஒட்டிய ஒன்று கிடைத்தாலும் அதை எஸ்டிஆருக்கென்று தனியே வையுங்கள்.

தண்டைக் கழுவிவிட்டு, புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே-யுடன் டிடிடி என்ற ஒடுக்கும் வேதிப்பொருளைக் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் முடியின் புரதமான கெரட்டினின் டைசல்பைடு பிணைப்பு உடையாது, முடி கரையாமல் கிடக்கும். கறுப்பு முடியென்றால் அதன் நிறமியான மெலனின் பிசிஆரைத் தடுக்கும். சாற்றை 10 மடங்கு நீர்த்து ஒரு குழாய், தடுப்பைக் குறைக்கும் பிஎஸ்ஏ புரதம் சேர்த்து ஒரு குழாய் என ஓட்டிப் பாருங்கள்.

பூனையில் இன்னொரு சிக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தொடரில் ஏறத்தாழ பாதி, 7.9 கிலோபேஸ், உட்கருவிலும் அடுக்கடுக்காக நகலாகி இருக்கிறது. ஒப்பீட்டுப் பூனையின் வாய்த்தடவல் மாதிரியின் தொடர் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை உச்சங்கள் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த நகலைத் தொடாத பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ துண்டை) தேர்ந்தெடுங்கள்.

தொடர் பொருந்தினாலும் ‘இதே பூனை’ என்று அறிக்கையில் எழுத முடியாது. தாய்வழி உறவுப் பூனைகளுக்கும் அதே தொடர் இருக்கும். ‘இந்தப் பூனையை விலக்க இயலவில்லை’ என்பதோடு, அந்தத் தொடர் வகை உள்ளூர்ப் பூனைகளில் எவ்வளவு பரவலானது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.