காட்பாடி கடையின் கேமரா குடியாத்தம் வீட்டிலிருந்து ஏன் தெரியவில்லை?

கடை வைஃபையில் தெரிகிற கேமரா வீட்டுக்குப் போனால் தெரியவில்லை, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் கேமராவுக்கு அனுப்பும் செட்டிங்) செய்தும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்ற வரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கென்று பொது முகவரி, அதாவது வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய இணைய முகவரி, இல்லை. சத்துவாச்சாரியில் என் வீட்டிலும் இதே கதைதான், இரண்டு நாள் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே இந்த வரி கண்ணில் பட்டது.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரி 32 பிட், மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது, அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. உள்ளேயிருந்து போன கோரிக்கைக்குப் பதில் சரியாகத் திரும்பி வரும், வெளியிலிருந்து புதிதாக வருவது யார் வீட்டுக்கு என்று நடுவில் இருக்கும் நிறுவனத்தின் பெட்டிக்குத் தெரியாது.

இந்தப் பற்றாக்குறைக்குத் தீர்வான புதிய முறை, 128 பிட் ஐபிவி6-க்கு முதல் வரையறை 1995லேயே வந்தது. ஆனால் பழையதும் புதியதும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது, இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டும், அதனால்தான் புதியதற்கு மாறுவது இவ்வளவு இழுக்கிறது.

சரி, இரண்டு பக்க இணைப்பிலும் ஐபிவி6 இருந்து, கேமராவும் அதை ஏற்றால், ரவுட்டரின் ஃபயர்வாலில் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல்) கேமராவின் ஒரு போர்ட்டை (இணைப்பு வாசலை) மட்டும் திறங்கள். இல்லையென்றால் கடையின் இணைய நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத பொது முகவரி) கேளுங்கள், தனிக் கட்டணம் இருக்கும். அப்புறம், திறப்பதற்கு முன் கேமராவின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.